செசிலியின் பக்கத்து இடம்

1

திங்கட்கிழமை காலை நகராட்சியிலிருந்து போன் வந்தது. "உங்கள் புல்லை ஒரு கிழவி வெட்டிக்கொண்டிருக்கிறார்" என்றார் பூங்காப் பிரிவு அதிகாரி. என் புல்லாம்! யார்க்‌ஷயரின் இந்தத் தொழில் நகரத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு எனக்கென்று சேர்ந்த சொத்து அது ஒன்றுதான். ஊர் நடுவில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம், அதில் வெட்டாமல் விட்டிருக்கும் புல்.

என் உத்தியோகத்தை நம் ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். பூகோளம் படித்தவள், பல்கலைக்கழகத்தில் வேலை என்றால், மலை, ஆறு, தலைநகரம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் செய்வது வேறு. ஒரு நகரத்துக்குள் மனிதர்களைத் தவிர வேறு யார் யார் குடியிருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள், எதைத் தின்று பிழைக்கிறார்கள் என்று பார்த்து வரைபடம் போடுவது. நரி, முள்ளெலி, வௌவால், வெட்டுக்கிளி இவர்கள்தான் என் ஜனங்கள். கட்டடமாகிப்போன ஊரில் இவர்களுக்கு மிஞ்சிய இடம் பெரும்பாலும் கல்லறைத் தோட்டம்தான். அங்கே மட்டுமாவது மெஷின் விட்டு மொட்டை அடிக்காதீர்கள் என்று கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசி, சண்டை போட்டு, ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தேன்.

போய்ப் பார்த்தேன். மிஸஸ் ஹோல்ராய்டு என்ற அம்மாள், கணவருடைய கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு, தையல் கத்தரிக்கோலால் புல்லை நறுக்கிக்கொண்டிருந்தார். பனியில் முழங்கால் நனைந்திருந்தது. "ரொம்பச் சுத்தமான மனுஷர் அவர். இப்படிப் புதராகக் கிடந்தால் அவருக்குப் பிடிக்காது" என்றார். வெட்டுக்கிளியைப் பற்றி நான் தயாராக வைத்திருந்த பிரசங்கத்தை எடுக்கவே இல்லை. திரும்பி வந்து அதிகாரியைக் கூப்பிட்டு, அந்த அம்மாளை விட்டுவிடச் சொன்னேன். "உங்கள் திட்டத்தில் அப்படி இல்லையே" என்றார். "இனிமேல் இருக்கும்" என்று சொல்லி போனை வைத்தேன். திட்டத்தைத் திருத்தியும் அனுப்பிவிட்டேன், அந்த விஷயம் அதோடு முடிந்தது.

ஆனால் எனக்கு முடியவில்லை. இந்த வாரம் கல்லறைத் திருநாள். திருச்சியில் ஒரு கல்லறைமேல் வளர்ந்த புல்லால் நான் இழந்த இடத்தைப் பற்றி இதுவரை யாருக்கும் எழுதியதில்லை, இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பூகோள விரிவுரையாளர். என் கணவர் சவரிராஜ் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். பாலக்கரையில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எங்கள் மூத்த மகள் செசிலியா அங்கேதான் பிறந்தாள்.

என்னோடு வேலை பார்த்த வைதேகி ஸ்ரீரங்கத்துப் பெண், உத்திர வீதியில் வீடு. சனிக்கிழமைகளில் செசிலியைத் தூக்கிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து அங்கே போய்விடுவேன். மொட்டைக் கோபுரத்துப் பொந்துகளில் கிளி எங்கே, புறா எங்கே, ஆந்தை எங்கே கூடு வைத்திருக்கிறது என்று நானும் வைதேகியும் அண்ணாந்து பார்த்துப் படம் போடுவோம். அதுதான் என் முதல் ஆராய்ச்சி. கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஒருத்தியும் நெற்றியில் சூர்ணம் இட்ட ஒருத்தியும் நடுத்தெருவில் நின்று கோபுரத்தை முறைத்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "என்னம்மா, கோபுரம் விலைக்கு வருதா?" என்பாள் பூக்காரி. செசிலி இடுப்பில் உட்கார்ந்தபடி கையை நீட்டி "கீ, கீ" என்பாள். கிளிக்கு அவள் வைத்த பேர் அது. புறாவுக்கும் அதே பேர்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். அவளுக்கு இரண்டு வயதுகூட முடியவில்லை. இதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு தனி வரிசை உண்டு. என் கணவர் அதை வேண்டாம் என்று சொல்லி, பெரியவர்கள் வரிசையில் மதிலோரமாக ஓர் இடம் கேட்டு வாங்கினார். எங்கள் கத்தோலிக்கரில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவரைப் புதைத்த குழியைப் பல வருஷம் கழித்துத் திறந்து, அதே குடும்பத்தில் அடுத்துப் போகிறவரை அதிலேயே வைக்கலாம். சின்னக் குழியில் எனக்கு இடம் போதாது. அவள் தனியாக இருக்கக் கூடாது, பின்னால் நான் போய்ச் சேர வேண்டும் என்றுதான் பெரிய இடமாகக் கேட்டோம். மண்மேட்டில் ஒரு மரச்சிலுவை நட்டோம். கல் கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய நாட்களில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் புல்லைப் பிடுங்கி, மண்ணைக் கட்டி, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு வைக்க வேண்டும். இதற்குக் காரணம் மழைதான் என்பது என் கட்சி. சரியாகத் திருநாளுக்கு முன்னால் ஐப்பசி மழை வந்து நாயுருவியும் தும்பையும் நெருஞ்சியும் கிடுகிடுவென்று வளர்ந்துவிடும். யாருக்கு ஆள் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துபோகும். புல் மண்டிக்கிடந்தால் அநாதைக் கல்லறை என்பார்கள். எங்கள் ஜனங்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. இரண்டு மூன்று திருநாள் அப்படியே கிடந்தால், கேட்பாரற்ற இடம் என்று முடிவு செய்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நெரிசலான ஊர், இருக்கிற நிலம் அவ்வளவுதான். அதில் தப்பும் இல்லை.

3

அடுத்த வருஷங்களில் ஒன்றில் எனக்கு இங்கிலாந்தில் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. "போயிட்டு வா. இங்க இருந்தா நீ செத்துப்போயிடுவே" என்றார் என் கணவர். பின்னாலேயே அவரும் வந்தார். திருச்சியில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர், இங்கே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். எல்லோருக்கும் அதுதான் திட்டம்.

புறப்படுமுன் கல்லறையை என் தம்பி அருளிடம் ஒப்படைத்தேன். அருள் கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருப்பவன், பிட்டர் வேலை. வாக்குக் கொடுத்தால் தலையை அடகு வைத்தாவது காப்பாற்றுவான். ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் சைக்கிளில் சுண்ணாம்பு வாளியை மாட்டிக்கொண்டு போய்விடுவான். "அக்கா, பாப்பாவுக்கு வெள்ளை அடிச்சாச்சு, கோழிக்கொண்டைப்பூ வச்சாச்சு" என்று எழுதுவான். அந்தக் கடிதம் வந்தால்தான் எனக்கு அந்த வருஷம் முடியும்.

இங்கே அனிதா பிறந்தாள். எந்தப் படிவம் வந்தாலும் குழந்தைகள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கும். என் கணவர் ஒன்று என்று போடுவார். நான் அதை அடித்து இரண்டு என்று போடுவேன். அதிகாரிகள் இரண்டாவது பிள்ளை எங்கே என்று கேட்டு, பதிலைக் கேட்டபின் மன்னிப்புச் சொல்லி மறுபடி ஒன்று ஆக்குவார்கள். எனக்குத் திருச்சியில் ஓர் இடம் இருக்கிறது என்று பல்கலைக்கழகத்தில் ஒருமுறை சொல்லிவிட்டேன். ஆற்றைப் பார்த்த வீடா, தோட்டம் உண்டா, விடுமுறைக்கு வாடகைக்கு விடுவீர்களா என்று கேட்டார்கள். விளக்கம் சொல்ல என் ஆங்கிலமும் போதவில்லை, மனசும் இல்லை. "சின்ன இடம்" என்றேன்.

அனிதா வளர வளர எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் யார்க்‌ஷயர் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அதுவும் பாதி வாய்க்குள்ளேயே இருக்கும். சிறுமியாக இருந்தபோது அலமாரியில் செசிலியின் போட்டோவைப் பார்த்து "இது நானா?" என்று கேட்டாள். இல்லை, உன் அக்கா என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். அவளைச் சொல்லி என்ன? பார்க்காத அக்காவுக்காக எந்தக் குழந்தை அழும்? எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவில் என் வேலை வளர்ந்தது. கல்லறைத் தோட்டத்துப் புல் விவகாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது, போட்டோவோடு. புடவைக்கு மேல் கோட்டும் காலில் ரப்பர் பூட்ஸுமாக இடுப்பளவு புல்லில் நிற்கிறேன், பின்னால் கல்லறைக் கற்கள். அதை வெட்டி அருளுக்கு அனுப்பினேன். புல் ஏன் வேண்டும், அதில் என்னென்ன ஜீவன்கள் பிழைக்கின்றன, சுரண்டிச் சுத்தம் செய்வது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நான் என்ன செய்கிறேன் என்பது என் ஜனங்களில் ஒருவனுக்காவது புரியட்டும் என்ற ஆசை. அருள் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான்.

4

எண்பதுகளின் நடுவில் ஓர் அக்டோபரில் அனிதாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரில் இருக்க வேண்டும், கல் கட்ட ஏற்பாடு செய்ய வேண்டும், இந்த இரண்டுக்காகத்தான் போனேன்.

ஸ்டேஷனிலேயே அருள் முகம் சரியில்லை. கம்பெனி வேலையாக வடக்கே ஒரு சைட்டில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, சில மாதங்களுக்கு முன்தான் திரும்பியிருந்தான். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். எப்போது கல்லறைக்குப் போகலாம் என்று கேட்டால், "மழை விடட்டும்க்கா" என்பான். மழை விட்டால், "வெயிலா இருக்கே" என்பான். அவன் மனைவி ரீட்டா என் முகத்தைப் பார்க்காமல் இட்லி வைத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீ வராட்டி போ. எனக்கு வழி தெரியும்" என்று செருப்பை மாட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கூடவே வந்தான். அனிதாவும் வந்தாள்.

மதிலோரம், கடைசி வேப்பமரத்துக்குப் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு போவேன். போனேன். அங்கே மரச்சிலுவை இல்லை. இரும்புச் சிலுவை ஒன்று நின்றது, அதில் சூசையம்மாள் என்று எழுதியிருந்தது. வரிசை மாறிவிட்டேனோ என்று திரும்பி எண்ண ஆரம்பித்தேன்.

"அக்கா, அதான்" என்றான் அருள். "அதே இடம்தான்."

"பாப்பா எங்கடா?"

"கீழதான் இருக்கா. மேல வேற ஆள வச்சுட்டாங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "புல்லப் பிடுங்கறதுக்கு உனக்கு என்னடா கேடு? நீ இல்லாட்டி ஒரு ஆளுகிட்ட சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சொல்லிட்டுத்தான்க்கா போனேன்." அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. "தொடாதேன்னு சொல்லிட்டுப் போனேன். இங்க இருந்த ஆள்கிட்ட, எங்க அக்கா பெரிய படிப்பு படிச்சவங்க, கல்லறைல புல்ல வெட்டக் கூடாதுன்னு அந்த ஊர் கவர்மெண்டுக்கே சொல்லித் தர்றவங்க, அவங்க புள்ள மேல இருக்கற புல்லுல யாரும் கைய வைக்காதீங்கன்னு சொன்னேன். அவனும் சரின்னான். அப்புறம் அவன் வேலைய விட்டுப் போயிட்டான். புதுசா வந்தவனுக்கு என்ன தெரியும்? ரெண்டு திருநாளு புதர் மண்டிக் கெடந்துருக்கு, சிலுவைய கரையான் தின்னுடுச்சு. இந்தப் பக்கத்துக் கோயில்ல அறிவிச்சாங்களாம். ரீட்டா எங்க கைலாசபுரத்துக் கோயில்ல பூசைக்குப் போறவ, அவளுக்கு எப்படித் தெரியும்? லெட்டர்ல இத எப்படிக்கா எழுதறது?"

நீ அங்கே செய்வதை நான் இங்கே செய்தேன் என்கிறான் தம்பி. அவனை என்ன சொல்லித் திட்டுவது? என்னிடம் வேறு யாரும் காட்டாத மரியாதையை அவன் காட்டியிருக்கிறான். அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். புல் ஒன்றுகூட இல்லை, அருமையாகச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அருள் என் தோளைத் தொட்டு, "எனக்கும் ரீட்டாவுக்கும்னு ஒரு எடம் கேட்டு வச்சிருக்கேன். அத நீ எடுத்துக்கக்கா" என்றான். எனக்கு ஊரில் ஓர் இடம் வேண்டியிருக்கவில்லை. அவள் பக்கத்தில் வேண்டியிருந்தது.

வீடு திரும்பியதும் அருள் இன்னொன்றும் சொன்னான். கல்லறைக் குழுவில் ஒருவரிடம் அவன் விசாரித்திருந்தான். முதலில் வைத்தவர்களுக்குத்தான் உரிமை, அக்கா எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை அந்தக் குழி உங்கள் குடும்பத்துக்கே என்று பேசி முடிக்கலாம், சூசையம்மாள் வீட்டாருக்கு வேறு இடம் காட்டிவிடலாம் என்றாராம். அன்றே உட்கார்ந்து மனு எழுதினேன். நகராட்சிகளோடு மல்லுக்கட்டியே வயிறு வளர்த்தவள் நான். வெட்டுக்கிளிக்கும் முள்ளெலிக்கும் இடம் வாங்கிக் கொடுத்தவளுக்குத் தன் இடத்தை வாங்கத் தெரியாதா? கல்லறைத் திருநாளன்று குழுவினர் எல்லோரும் அங்கே இருப்பார்கள், நேரில் கொடுத்துவிடலாம் என்று மனுவைக் கைப்பையில் வைத்தேன்.

5

நடுவில் ஒரு நாள் ஸ்ரீரங்கம் போனேன். மொட்டைக் கோபுரம் மொட்டையாக இல்லை. சாரம் கட்டி, நிலை நிலையாக மேலே எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் படம் போட்ட பொந்துகளை மரக்கழிகள் மறைத்திருந்தன.

வைதேகி அதே உத்திர வீதியில்தான் இருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கணவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, எனக்குத் தெரியாது.

"கிளியெல்லாம் எங்கடி போச்சு?" என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"கொள்ளிடக்கரைத் தோப்புக்குப் போயிடுத்துகள். அதுகளுக்கென்ன, வேற பொந்து பார்த்துண்டுடும்" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். எப்போதும் வெடுக்கென்று பேசுகிறவள், கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு சொன்னாள், "ஜெயராணி, நான் சொன்னா தப்பா எடுத்துக்காதே. உனக்கு இத்தனை வருஷம் விரலை நீட்டிக் காட்ட ஒரு எடம் இருந்துது. எங்காத்துக்காரர் எங்கன்னு கேட்டா நான் எதைக் காட்டுவேன்? காவேரில கரைச்சுட்டு வந்தோம். தெனம் அம்மா மண்டபத்துப் படித்துறைல போய் உக்காந்துண்டு தண்ணியப் பாக்கறேன். அது நேத்திய தண்ணியா என்ன?"

"அதுக்காக எம் புள்ளை மேல யாரையோ கொண்டாந்து வைக்கலாமா?"

"வைக்கப்படாதுதான்" என்றாள். "மனு குடு. விடாதே."

அவள் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். அதனால்தான் அவளிடம் போனேன். பஸ் ஏற்றிவிட வந்தபோது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். காவேரிப் பாலம் தாண்டும்வரை எனக்குக் கண் நிற்கவில்லை. அவளுக்காக அழுதேனா எனக்காகவா என்று தெரியாது.

6

கல்லறைத் திருநாளன்று வாசலில் திருவிழாக் கூட்டம். மெழுகுவத்தி, செவ்வந்தி மாலை, ஊதுபத்தி, பலூன், வேகவைத்த சோளக்கதிர் எல்லாம் விற்றார்கள். ஒலிபெருக்கியில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தரை முழுக்கச் சுண்ணாம்பும் பூவுமாக இருந்தது. அனிதா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். யார்க்‌ஷயர்க் கல்லறைத் தோட்டத்தில் அவள் கேட்டதெல்லாம் காக்கைச் சத்தம்தான். அருள் குழுவினரைத் தேடிப் போனான். நான் அனிதாவோடு மதிலோரம் போனேன்.

சூசையம்மாளின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செவ்வந்தியை உதிர்த்து மண்மேல் சிலுவையாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்க. இவள உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அவர் பேர் இன்னாசி. ஒரு பேக்கரியில் ரொட்டி போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சூசையம்மாள் அவர் மனைவி.

"எடம் கெடைக்கறதே குதிரைக் கொம்பா இருந்துச்சும்மா. இது நல்ல எடம், வேப்பமர நெழலு. அடுத்தது நான்தான்" என்று மண்மேட்டைத் தட்டினார். "எம் மவன்கிட்ட சொல்லிட்டேன். அவள எங்கயும் தனியா விட்டதில்ல, இங்கயும் விட மாட்டேன்."

கைப்பைக்குள் மனு இருந்தது. நான் எழுதியிருந்ததையேதான் இவரும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. இவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

"தனியாத்தான் இல்லியே அவ" என்று அவரே தொடர்ந்தார். "குழி வெட்டறப்ப கீழ ஒரு கொழந்த இருந்துச்சு. பாவம், யாரு பெத்த புள்ளையோ. எலும்பு இத்தினியூண்டு. பொதுக்குழில போட்டுரவான்னு குழி வெட்டற ஆளு கேட்டான். ஏய், போடாதடான்னேன். எம் பொண்டாட்டிக்குப் புள்ளைங்கன்னா உசுரு. தெருப்புள்ளைங்க பூரா எங்க வீட்டுலதான் கெடக்கும். ஒரு புதுத்துண்டுல சுத்தி அவ கைப்பக்கத்துல வைக்கச் சொன்னேன். அணைச்சாப்பலதான் வச்சோம்."

நன்றி சொல்ல வேண்டும் என்று புத்தி சொன்னது. ஆனால் மனசில் வந்தது நன்றி அல்ல. பொறாமை. என் மகளைக் கடைசியாக அணைத்தது நான் அல்ல, யாரோ ஒருத்தி. அந்த எண்ணத்தை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

அப்போது சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக வந்தார். ஒவ்வொரு கல்லறையிலும் நின்று, பேரைக் கேட்டுச் செபிப்பது முறை. எங்களிடம் வந்து, "யாருக்கு?" என்றார்.

இன்னாசி எழுந்து கைகூப்பினார். "சூசையம்மாளுக்குங்க சாமி. அப்புறம் ஒரு பச்சப்புள்ளைக்கு. பேரு தெரியாது. போன வருசமும் பேரு தெரியாத புள்ளைன்னுதான் சொன்னேன்."

"செசிலியா" என்றேன்.

சாமியார் இரண்டு பேரையும் சொல்லிச் செபித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். இன்னாசி அப்படியே நின்றார். என்னையும் அனிதாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதானா தாயி" என்றார். பிறகு அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்கள எடுக்கச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

அருள் அந்நேரம் குழுவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தான். நான் கைப்பையைத் திறக்கவில்லை. இன்னாசி ஒரு மெழுகுவத்தியை அனிதா கையில் கொடுத்து ஏற்றச் சொன்னார். அவள் குனிந்து ஏற்றினாள். காற்றில் இரண்டு முறை அணைந்தது, மூன்றாவது முறை நின்றது. வெளியே வந்ததும் அனிதா இங்கிலீஷில் கேட்டாள், "அது நம் இடம் என்று அவரிடம் ஏன் சொல்லவில்லை?" அவருக்கும் அது வேண்டும் என்றேன். "உங்களுக்கு?" என்றாள். கொஞ்ச தூரம் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அதற்கு முன் அவள் என் கையைப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

7

திரும்பி வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினார். வெகுநேரம் கழித்து, "அப்ப நாம எங்கதான் போறது?" என்றார். அவரும் அந்த இடத்தை மனசில் வைத்திருந்திருக்கிறார். இத்தனை வருஷம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளாவது அவளோடு இருக்கட்டும் என்று அவர் வாயைத் திறக்காமலே விட்டிருக்கிறார்.

இப்போது அருள் வருஷாவருஷம் சுண்ணாம்பு வாளியோடு போகிறான். அவனும் இன்னாசியும் சேர்ந்து புல் பிடுங்குகிறார்களாம். இன்னாசிக்கு மூச்சுத்திணறல், போன திருநாளுக்கு மகன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாராம். அவர் போய்ச் சேர்ந்தால் அந்தக் குழி நிறைந்துவிடும். அதற்கப்புறம் நான் எங்கே கிடந்தால் என்ன என்று தோன்றுகிறது.

இந்த ஊர்க் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், நவம்பர் மாதம் முழுக்கப் பூசையில் நினைத்துக்கொள்வார்கள். சில வருஷங்களாக நான் இரண்டு பெயர் எழுதிக் கொடுக்கிறேன். போன ஞாயிறு பூசை முடிந்ததும் புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியார் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அயர்லாந்துக்காரர், வயதானவர். சூசையம்மாள் என்பதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"செசிலியா உங்கள் மகள் என்று தெரியும். இவர் உங்கள் அம்மாவா?" என்றார்.

"இல்லை ஃபாதர். நான் அவரைப் பார்த்ததே இல்லை" என்றேன். "என் மகள் அவரிடம்தான் இருக்கிறாள்."